நாகமும் நீரூரியும்: ஈரல்காப்பு மூலிகை ஆய்வில் பெயர்களின் வரலாறு

உலோக நஞ்சு ஈரலுக்கு விளைக்கும் கேட்டைத் தாவரச் சாறுகள் எந்த அளவுக்குத் தடுக்கவல்லன என்பது, கடந்த சில பத்தாண்டுகளாக இந்திய ஆய்வுக்கூடங்களில் மிகுதியாக ஆராயப்பட்டுவரும் பொருள்களுள் ஒன்று. ஆய்வு முறை பெரும்பாலும் ஒன்றே. வெள்ளெலிகள் சிலவற்றுக்குக் காட்மியம், ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஒன்றன் உப்பைக் கொடுப்பர். வேறு சிலவற்றுக்கு அதனோடு ஒரு மூலிகையின் சாற்றையும் கொடுப்பர். பின்னர் இரு கூட்டத்தின் குருதியிலும் ஈரலினின்று கசிந்த நொதிகளின் அளவை ஒப்பிடுவர். சாறு பெற்ற எலிகளில் நொதிக் கசிவு குறைந்திருப்பின் அச்சாறு ஈரல்காப்புத் தன்மையுடையது என முடிவு கூறுவர்.

இத்தகைய ஆய்வுகளின் வேதியியல் தகுதியை அளவிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவ்வாய்வுகளின் தலைப்பிலேயே மூன்று பெயர்கள் நிற்பதைக் காணலாம்: ஒரு செடியின் பெயர், ஓர் உறுப்பின் பெயர், ஓர் உலோகத்தின் பெயர். இம்மூன்றும் சமஸ்கிருதம், தமிழ், மலையாளம், பாரசீகம், இலத்தீன், ஆங்கிலம் எனப் பல மொழிகளினூடே பயணம் செய்து வந்தவை. பயணத்தின் இடையிடையே பொருள் திரிந்துள்ளது. பிற துறைகளில் சொற்பொருள் திரிந்தால் படிப்பவர்க்குக் குழப்பம் நேரும்; இத்துறையில் உண்பவர்க்கு நஞ்சு நேரும். ஆதலின் மொழிபெயர்ப்பாளர் இப்பெயர்களின் வரலாற்றை அறிந்திருத்தல் தேவையாகிறது.

1. கீழாநெல்லி என்பது எந்தச் செடி?

காமாலைக்குக் கீழாநெல்லி என்பது தமிழகச் சிற்றூர்களில் குழந்தைகளும் அறிந்த செய்தி. இலைக்காம்பின் கீழ்ப்புறத்தில் நெல்லியையொத்த சிறு காய்கள் வரிசையாகத் தொங்குவதால் கீழ்க்காய்நெல்லி எனப்பட்டு, அது கீழாநெல்லியென மருவியது. காய்கள் மேல்நோக்கி அமைந்த வேறொரு செடி மேலாநெல்லி. வடமொழியார் இச்செடியைப் பூமியாமலகீ, அதாவது தரைநெல்லி என்பர்; இந்தியில் புயி ஆன்வலா என்பதும் அதுவே. இரு மரபினரும் நெல்லியோடுதான் ஒப்பிட்டனர். ஆனால் வடமொழி செடியின் உயரத்தை நோக்கிற்று. தமிழ் காயின் இடத்தை நோக்கிற்று. இப்பேரினத்திற்கு மேலைநாட்டார் இட்ட பில்லாந்தஸ் என்னும் கிரேக்கப் பெயரின் பொருள் இலைப்பூ என்பது. இலையோடு ஒட்டிப் பூ தோன்றும் இடத்தைக் கண்டு இட்ட பெயராதலின், பெயரிடும் நெறியில் கிரேக்கம் வடமொழியை விடத் தமிழுக்கே அணுக்கமாக உள்ளது.

இச்செடி ஐரோப்பிய நூலுக்குள் நுழைந்தது கொச்சியின் வழியாக. டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுப்பித்த ‘ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்’ 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதனும், ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்னும் கொங்கணி மருத்துவர் மூவரும் செடிகளை அடையாளங்காட்டினர். இட்டி அச்சுதன் 1675 ஏப்ரலில் மலையாளத்தில் எழுதிக்கொடுத்த உறுதிமொழி, முதலில் போர்த்துக்கீசியத்திற்கும் அதிலிருந்து இலத்தீனுக்கும் பெயர்க்கப்பட்டு நூலில் இடம்பெற்றது. இந்திய மருத்துவத் தாவரவியலின் முதற்பெரும் நூல் மொழிபெயர்ப்பாளர் கைவழியாக வந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

அந்நூலின் பத்தாம் தொகுதியில் நம் செடி ‘கிர்கநெலி’ எனக் காணப்படுகிறது. கீழ்க்காநெல்லி என்னும் ஒலிப்பு இதனுள் ஒளிந்திருப்பதை மொழியியலார் எளிதில் காண்பர். ழகரத்தை ஐரோப்பியர் ரகரமாகக் கேட்டனர். காய் என்பதன் சுவடு ககரமாக நின்றது. சிறியது என்னும் அடையோடு ‘செறு கிர்கநெலி’ என இன்னொரு செடியும் அடுத்து வருகிறது. பிற்காலத்தில் பிரெஞ்சுத் தாவரவியலார் ஜுஸ்யே 1789இல் கிர்கநேலியா எனத் தனிப் பேரினமே வகுத்தார்.

குழப்பம் 1753இல் தொடங்கியது. அவ்வாண்டு வெளியிட்ட தாவர இனங்களின் நூலில் லின்னேயஸ், அமெரிக்கச் செடியொன்றையும் வான் ரீடின் கிர்கநெலியையும் ஒரே இனமாகக் கொண்டு பில்லாந்தஸ் நிரூரி எனப் பெயரிட்டார். நிரூரி என்னும் அடையும் மலையாளமே. நீரூரி எனப்படுவது இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு புதர்; தமிழில் நீர்ப்பூலா என்பர். வான் ரீடின் நூலில் அது ‘காட்டு நிரூரி’ என உள்ளது. ஆக, ஒரு செடியின் மலையாளப் பெயர் வேறொரு செடிக்கு அடையாகி, அவ்விரண்டாம் செடியும் மூன்றாவதாகிய அமெரிக்கச் செடியோடு கலந்துவிட்டது.

இருநூறு ஆண்டுகள் இந்தியத் தாவர நூல்கள் எல்லாம் கீழாநெல்லி எனின் பில்லாந்தஸ் நிரூரி என எழுதிவந்தன. அமெரிக்கத் தாவரவியலார் வெப்ஸ்டர் 1950களில் இப்பேரினத்தை முற்றும் ஆராய்ந்து, உண்மையான நிரூரி அமெரிக்காவுக்கே உரியது என நிறுவினார். இந்திய நூல்களில் நிரூரி எனப்பட்டது ஒரு செடியன்று, குறைந்தது மூன்று செடிகள் என்பதை மித்ரா, ஜெயின் இருவரும் 1985இல் தெளிவுபடுத்தினர். அவை பில்லாந்தஸ் அமாரஸ், பில்லாந்தஸ் பிரேட்டர்னஸ், பில்லாந்தஸ் டெபிலிஸ் என்பன. இவற்றுள் அமாரஸ் என்னும் பெயர் கினிக் கடற்கரையில் திரட்டிய செடியை வைத்து 1827இல் கோபன்ஹேகனில் இடப்பட்டது. பிரேட்டர்னஸ் வெப்ஸ்டரே 1955இல் வகுத்தது. டெபிலிஸ் தரங்கம்பாடிச் சமயப்பணி மருத்துவர் க்ளைன் அனுப்பிய செடியால் பெயர்பெற்றது.

இங்கு ஒரு வரலாற்றுச் சிக்கலும் எழுகிறது. இன்று தமிழகத்தில் மிகுதியாகக் காணப்படும் அமாரஸ் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து பரவியது என்பது தாவரவியலார் பலர் கொள்கை. அது மெய்யாயின், கொலம்பசுக்கு முற்பட்ட மருத்துவ நூல்கள் கூறும் தரைநெல்லி அமாரஸாக இருத்தல் இயலாது. பெயர் பழையது, செடி புதியது என்னும் நிலை ஏற்படும். வந்தேறிய செடி பழஞ்செடியின் உருவொத்திருந்ததால் அதன் பெயரை ஏற்றுக்கொண்டது எனக் கருத இடமுண்டு. பதிப்பாசிரியர்கள் பழஞ்சுவடியில் வரும் மூலிகைப் பெயருக்கு அடிக்குறிப்பில் இலத்தீன் பெயரை ஐயமின்றி எழுதும் வழக்கத்தை இது கேள்விக்குள்ளாக்குகிறது. அவ்வழக்கம் துல்லியத்தின் தோற்றத்தைத் தருகிறதேயன்றித் துல்லியத்தைத் தருவதில்லை என்பதே என் கருத்து.

இதன் விளைவு ஏட்டளவில் நிற்கவில்லை. ஈரல் அழற்சி பி நச்சுயிரியின் மீது இச்செடியின் சாறு தொழிற்படுவதைக் கூறிய 1987ஆம் ஆண்டுக் கட்டுரையில் செடியின் பெயர் நிரூரி. அதில் பங்கேற்ற புளும்பெர்க் அந்நச்சுயிரியைக் கண்டறிந்தமைக்காக 1976இல் நோபெல் பரிசு பெற்றவர். அடுத்த ஆண்டு, 1988இல், சென்னையில் தியாகராஜன் குழுவினர் அவரோடு இணைந்து ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட கட்டுரையில் செடியின் பெயர் அமாரஸ் என மாறியது. மருந்துண்ட 37 பேரில் 22 பேரின் குருதியிலிருந்து நச்சுயிரிக் குறி மறைந்தது எனவும், போலிமருந்துண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறாயிற்று எனவும் அக்கட்டுரை கூறிற்று. உலகெங்கும் பரபரப்பு எழுந்தது. ஆனால் பிற நாடுகளில் நிகழ்ந்த சோதனைகள் அதே பயனைத் தரவில்லை. 2011இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு போலிமருந்தைவிட மேலான பயனுக்கு நம்பத்தக்க சான்றில்லை என்றது. முரண்பாட்டிற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று, எல்லாரும் ஆய்ந்தது ஒரே செடிதானா என்னும் ஐயம்.

அண்மையில் சீந்திலுக்கும் இதுவே நேர்ந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் அதனை உண்டோர் சிலர்க்கு ஈரல் அழற்சி கண்டதாக 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினர். உண்டது சீந்திலன்று, அதனையொத்த வேறோர் இனமாக இருக்கலாம் என ஒன்றிய ஆயுஷ் அமைச்சகம் மறுமொழி கூறியது. ஈரலைக் காப்பது எனப் பெயர்பெற்ற கொடி ஈரலைக் கெடுத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, வழக்கு கடைசியில் பெயரில் வந்து நின்றது.

2. உறுப்பின் பெயர்

இதனைச் சுருக்கமாகக் கூறலாம். தமிழில் ஈரல் என்பது பொதுப்பெயர்; கல், மண், நுரை என்னும் அடைகளால் மூன்று உறுப்புகள் பிரிக்கப்படுகின்றன. தொட்டால் திண்ணென்றிருப்பது கல்லீரல். நுரைத்த தோற்றமுடையது நுரையீரல். அடையின்றி ஈரல் என்று மட்டும் ஒரு நூல் கூறுமாயின் எது என்பதைச் சூழலே உணர்த்த வேண்டும். இந்தியில் நிலைமை வேறு. சமஸ்கிருத யக்ருத், பாரசீக ஜிகர் இரண்டும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்த உடன்பிறப்புகள். ஒன்று மருத்துவர் வாயிலும் மற்றொன்று காதலர் வாயிலும் வழங்குகிறது. தமிழில் காதலுக்கு ஈரலில் இடமில்லை; அச்சத்துக்கு உண்டு. ஈரக்குலை நடுங்கிற்று என்பதைக் கல்லீரல் நடுங்கியதாகப் பெயர்ப்பவர் நகைப்புக்கு ஆளாவர். அங்குக் குறிக்கப்படுவது உள்ளுறுப்புகளின் தொகுதி. காமாலை என்பதோ நோயின் பெயராகச் சமஸ்கிருதத்திலிருந்து வந்து, கண் மஞ்சளித்தல் என்னும் அறிகுறியால் மஞ்சள் என்னும் அடையை ஏற்றது.

3. நாகம், வங்கம், ஈயம்

இக்கட்டுரையின் இடர்மிகுந்த பகுதி இது. ஆயுர்வேத நூல்களில் நாகம் என்பது காரீயம். சித்த மருத்துவத்தில் நாகம் என்பது துத்தநாகம். ஆயுர்வேத நாக பஸ்மம் ஈயத்தாலாயது. சித்த நாகப் பற்பம் துத்தநாகத்தாலாயது. பஸ்மமும் பற்பமும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள் ஆதலின், மொழிபெயர்ப்பாளர் இவற்றை ஒன்றெனக் கொள்வது இயல்பு. ஆனால் துத்தநாகம் உடலுக்குச் சிறிதளவு தேவைப்படும் உலோகம்; காரீயத்துக்கோ உடலில் எப்பணியும் இல்லை. ஆயுர்வேதத்தில் துத்தநாகத்துக்குப் பெயர் யசதம். சீனத்திலிருந்து கப்பலில் வந்த துத்தநாகத்தைப் போர்த்துக்கீசியர் ‘டூட்டநாகா’ என்றனர். நம் சொல்லோடு அதற்குள்ள ஒப்புமை வெளிப்படை.

வங்கம் இன்னும் சிக்கலானது. சங்க நூற்பயிற்சியுடையோர்க்கு வங்கம் மரக்கலம். நில நூலார்க்கு அது கிழக்கு நாடு. வடமொழி இரசநூல்களில் அது வெள்ளீயம். தமிழ் மருத்துவ வழக்கில் வங்கம் வெள்ளீயத்தையும் காரீயத்தையும் குறிக்கும். இருபொருளை நீக்கவே கருவங்கம், வெள்வங்கம் என அடைகொடுத்தனர். அடை ஏட்டில் உதிர்ந்துவிட்டாலோ பெயர்ப்பில் விடப்பட்டாலோ மருந்து மாறிவிடும்.

ஈயம் என்னும் அன்றாடச் சொல்லுக்கும் இக்குறை உண்டு. காரீயமா வெள்ளீயமா என்பதை மக்கள் சொல்வதில்லை, அவர்களுக்குத் தெரியும். தெருவில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் பூசியது வெள்ளீயம். பித்தளையின் உட்புறத்தைப் புளிப்புப் பண்டம் தீண்டாதிருக்கவே அப்பூச்சு. ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்னும் பழமொழியில் வரும் ஈயத்தையும் அதுவாகக் கொள்ளலாம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயத்தாலாயதே. அகராதியில் ஈயம் என்பதற்கு முதலில் காணும் ஆங்கிலச் சொல்லை எடுத்தாளும் பெயர்ப்பாளர் அதனைக் காரீயப் பாத்திரம் ஆக்கிவிடுகிறார். ரசத்துக்குப் பாதரசம் என்னும் பொருளும் உண்டாதலின், ஈயச்சொம்பில் வைத்த ரசம் என்னும் அடுக்களைச் செய்தியை இரு நஞ்சுகளின் கூட்டாகப் பெயர்த்துவிடவும் கூடும். வேடிக்கை ஒருபுறமிருக்க, வெள்ளீயத்தில் காரீயம் கலந்து செய்த சொம்பாயின் அத்தவறான பெயர்ப்பே மெய்யாகிவிடும் என்பதும் எண்ணத்தக்கது.

பாடாணம் என்னும் சொல் வடமொழியில் வெறும் கல். தமிழில் அது நஞ்சாயிற்று. வெள்ளைப் பாடாணம் என்பது ஆர்சனிக்கின் உயிரகக் கூட்டு. சித்த நூலார் பாடாணங்களை 64 என எண்ணுவர். வடமொழியிலோ பாஷாணபேதம் என்பது சிறுநீரகக் கல்லைக் கரைப்பதாகக் கருதப்படும் மூலிகை. தமிழ்ப் பொருளை மனத்திற்கொண்டு அதனைப் படிப்பவர் நஞ்சுமுறிப்பான் எனப் பிழைபட உணர்வர். பிரேசில் நாட்டில் பில்லாந்தஸ் நிரூரியை வழங்கும் போர்த்துக்கீசியப் பெயருக்கும் கல்லுடைப்பான் என்பதே பொருள். அமெரிக்கச் செடிக்கு அங்குச் சிறுநீரகமும் அதன் இந்திய உறவுக்கு இங்கு ஈரலும் உரியவையாயின.

மருந்துச் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகளில் நஞ்சுப் பொருள்களின் அட்டவணை ஆயுர்வேதம், சித்தம், யுனானி என மூன்றாகப் பிரித்தே தரப்பட்டுள்ளது. சட்டம் எழுதியோர் இப்பெயர் வேறுபாட்டை மனத்திற்கொண்டனரோ இல்லையோ, அப்பிரிவு பயனுடையது.

4. கன உலோகம் என்னும் கலைச்சொல்

கன உலோகம், பார உலோகம், கடின உலோகம் என மூன்று பெயர்ப்புகள் தமிழில் வழங்கக் காண்கிறோம். பார உலோகம் இலங்கை வழக்கு. கடின உலோகம் என்பது தவறு; காரீயம் நகத்தால் கீறத்தக்க மென்மையுடையது, பாதரசமோ நீர்மம். கனம் என்பதிலும் சிக்கல் உண்டு. தமிழில் கனம் எடையையும் தடிப்பையும் பெருமையையும் குறிக்கும். ஆயினும் குறை தமிழில் மட்டுமன்று. மூலச்சொல்லே பொருளற்றது என டஃபஸ் 2002இல் பன்னாட்டு வேதியியல் ஒன்றியத்தின் இதழில் எழுதினார். அடர்த்தி 3.5க்கு மேல் என்பார் ஒருவர், 7க்கு மேல் என்பார் மற்றொருவர். இரும்பும் துத்தநாகமும் கனமானவையே எனினும் அவற்றை அஞ்சுவார் குறைவு. ஆர்சனிக் முழு உலோகமேயன்று, உலோகப் போலி. எனவே நடைமுறையில் இச்சொல் அடர்த்தியைக் குறிக்கவில்லை, அச்சத்தைக் குறிக்கிறது. மூலிகை மருந்து ஏற்றுமதிக்கு 2006 சனவரி முதல் இந்திய அரசு வகுத்த வரம்பில் கன உலோகம் என்பது நான்கே: காரீயம் பத்து லட்சத்தில் 10 பங்கு, ஆர்சனிக் 3 பங்கு, பாதரசம் 1 பங்கு, காட்மியம் 0.3 பங்கு. பெயர்ப்பாளர் சொல்லைக் காப்பதைவிட இந்நான்கனையும் பெயர் சுட்டி எழுதிவிடுதல் நன்று.

கலைச்சொல் ஆக்கத்தில் தமிழுக்கு நெடிய முன்னோடி உண்டு. அமெரிக்க மருத்துவர் கிரீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிலிருந்து தமிழில் மருத்துவம் கற்பித்தார். அவரது ‘கெமிஸ்தம்’ என்னும் நூற்பெயரே அவர் நெறியைக் காட்டும்: அயற்சொல்லை எடுத்து மகரவீறு கொடுத்துத் தமிழ்ப் பெயராக்கிவிடுதல். இன்றைய தூய ஆக்கங்களோடு ஒப்பிட அது கரடுமுரடானது. ஆனால் நாகம் போன்ற பழஞ்சொல்லைப் புதுப்பொருளில் ஆள்வதால் வரும் ஆபத்து அந்நெறியில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

5. முறிவு, சுத்தி, காப்பு

சித்த மருத்துவத்தில் நஞ்சை எதிர்க்கும் மருந்து முறிவு எனப்படும். முறித்தல் என்னும் வினை நஞ்சின் ஆற்றலை இடையில் ஒடித்தலைக் குறிக்கிறது. உலோகத்தை மருந்தாக்குமுன் செய்யும் செயல் சுத்தி. பலமுறை மூலிகைச் சாற்றில் ஊறவைத்தும் அரைத்தும் புடமிட்டும் உலோகத்தைப் பற்பமாக்குவர். தாவரமும் தாதுவும் ஒன்றையொன்று எதிர்ப்பன அல்ல, ஒன்று மற்றொன்றைப் பக்குவப்படுத்துவது என்பது அம்மரபின் கொள்கை. 1955இல் சந்தைக்கு வந்த புகழ்பெற்ற ஈரல் மருந்தாகிய லிவ் 52 என்பதிலும் மணத்தக்காளி முதலிய மூலிகைகளோடு மண்டூர பஸ்மம், அதாவது இரும்புக் கிட்டத்தின் நீறு, சேர்ந்திருப்பது இம்மரபின் தொடர்ச்சி. தாது என்னும் சொல்லே உலோகத்தையும் உடற்கட்டையும் இலக்கண நூலில் வினைப்பகுதியையும் குறிக்கும். மூன்றிலும் அடிப்படைப் பொருள் என்பதே கருத்து.

அக்கொள்கையை ஏற்பதும் மறுப்பதும் மருத்துவர் பாடு. ஆனால் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளுள் 14இல் காரீயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததை 2004இல் சேப்பர் குழுவினர் வெளியிட்டபோது, அயல்நாட்டார் அதனைக் கலப்படம் என்றே முதலில் புரிந்துகொண்டனர். சில மருந்துகளில் உலோகம் வேண்டுமென்றே சேர்க்கப்படுவது என்பதை உணர்த்தத்தக்க சொல் ஆங்கிலத்தில் அவர்களுக்குக் கிட்டவில்லை. சுத்தி என்பதைத் தூய்மையாக்கல் எனப் பெயர்ப்பதும் தவறான எண்ணத்தைத் தரும். வேதியியலில் தூய்மை என்பது பிற பொருள் கலவாமை. சுத்தி செய்த உலோகத்தில் பிற பொருள் கூடியிருக்கும். கேடு நீக்கல் எனப் பெயர்த்தால் கேடு நீங்கிவிட்டதாக மொழிபெயர்ப்பாளரே சான்றளித்ததாகும். சுத்தி என்றே ஒலிபெயர்த்துச் செயலை விளக்குவதே பொருந்தும்.

ஈரல்காப்பு என்னும் கலைச்சொல் புதியது. மூனிக் நகரில் வாக்னர் 1968இல் பால்முட்செடி என்னும் ஐரோப்பிய மூலிகையின் வித்திலிருந்து சிலிமாரினைப் பிரித்தெடுத்த பின்னரே இவ்வாய்வுத் துறை விரைவாக வளர்ந்தது. நம் மருந்து நூலார் கையாளும் ‘உடற்தேற்றி’ என்பதையொட்டி ஈரல்தேற்றி என எழுதுவோரும் உளர். இரண்டும் ஒன்றல்ல. காப்பு தீங்குக்கு முன் நிற்பது. தேற்றல் தீங்குக்குப் பின் வருவது. முறிவு தீங்கின் மீதே தொழிற்படுவது. எலிகளில் நிகழும் சோதனைகள் பெரும்பாலும் சாற்றை நஞ்சுக்கு முன்போ நஞ்சுடனோ கொடுப்பவை. அவை காட்டுவது காப்பு. அதனை இதழாளர் நஞ்சுமுறிவு எனப் பெயர்த்தால், ஏற்கெனவே ஈயம் ஏறிய குழந்தைக்குக் கீழாநெல்லி போதும் எனப் பெற்றோர் கருத நேரும்.

காரீயம், பாதரசம், காட்மியம் ஆகியவை புரதங்களில் உள்ள கந்தக முனைகளைப் பற்றிக்கொள்கின்றன. ஈரலின் குளுட்டாதயோன் என்னும் காப்புப் பொருள் செலவழிகிறது. தாவரச் சாற்றின் பலபீனால்கள் இவ்விழப்பின் விளைவைத் தணிக்கக்கூடும். ஆனால் தணித்தல் வேறு, உலோகத்தை உடலினின்று அகற்றுதல் வேறு. அகற்றும் மருந்துகளின் வரலாறு இரண்டாம் உலகப் போரில் ஆர்சனிக் நச்சு வளிக்கு மாற்றாக ஆக்ஸ்போர்டில் உருவான டைமெர்காப்ராலோடு தொடங்குகிறது. அவை உலோகத்தை இருபுறமும் பற்றுவதால், நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து மார்கனும் ட்ரூவும் 1920இல் படைத்த பெயரைப் பெற்றன. தமிழ்ப் பாடநூலார் அதனைக் கொடுக்கிணைப்பு என்றனர். மூலத்தின் உருவகத்தை இழக்காத நல்ல ஆக்கம் இது.

6. களிம்பும் மஞ்சளும்

பித்தளையிலும் செம்பிலும் புளிப்புப் பட்டால் தோன்றும் பச்சை நஞ்சு களிம்பு. சைவ சித்தாந்தத்தில் உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பு உவமை. இன்று கடையில் களிம்பு கேட்டால் பூசும் மருந்து கிடைக்கும். நஞ்சின் பெயர் மருந்தின் பெயராயிற்று. ஆனால் களிம்பின் பழம்பொருள் மறையவில்லை என்பதற்கு ஒரு துயர வரலாறு உண்டு.

இந்தியக் குழந்தை ஈரல்கரணை என்னும் நோய் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே அறியப்பட்டது. ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளின் ஈரல் கல்லாய் இறுகி, பெரும்பாலோர் இறந்தனர். காரணம் தெரியவில்லை. 1970களின் இறுதியில் அக்குழந்தைகளின் ஈரலில் செம்பு அளவிறந்து படிந்திருப்பது கண்டறியப்பட்டது. டேனரும் புணே மருத்துவர்களும் 1983இல், பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த விலங்குப்பாலை இளங்குழந்தைகளுக்குப் புகட்டியதே செம்பு சேர்ந்த வழியாக இருக்கக்கூடும் என எழுதினர். பாலின் புரதம் செம்பைப் பற்றி வைத்துக்கொள்ளும். எவர்சில்வர் பாத்திரம் பரவியதும் நோய் அருகிவந்தது. பிறவிக்கூறும் இதில் பங்குபெறலாம் என்போர் உளர். மராத்தியில் கல்ஹயீ, இந்தியில் கலயீ, தமிழில் கலாய் எனப்படும் வெள்ளீயப் பூச்சு தேய்ந்த பாத்திரத்தில் அமிலப் பண்டம் வைக்கலாகாது என்பது பெண்டிர் அறிந்திருந்த செய்தி; பாலைப் புளிப்பற்றது என்று கருதியதால் அச்செய்தி பாலுக்குப் பொருந்தவில்லை.

மஞ்சளின் கதை இன்னும் அண்மையது. மஞ்சளின் குர்குமின் உலோக நஞ்சினின்று எலிகளின் ஈரலைக் காப்பதாகக் கூறும் கட்டுரைகள் ஏராளம். அதே மஞ்சள் வங்கதேசத்தில் காரீயத்தைச் சுமந்து வந்தது. 1980களின் வெள்ளத்தில் நனைந்து நிறம்மங்கிய கிழங்குக்கு மெருகேற்ற, மெருகிடும் தொழிலாளர் ஈயக் குரோமேட்டைப் பூசத் தொடங்கினர். சிற்றூர்த் தாய்மாரின் குருதியில் உள்ள காரீயம் இதனின்றே வந்தது என்பதைப் போர்சைத் குழுவினர் 2019இல் காரீயத்தின் ஓரிடத்தான்களை ஒப்பிட்டுக் காட்டினர். தொழிலாளர் அப்பொடியை வாங்கியது வேதிப்பெயரால் அன்று. ‘பேஊரி’ என்னும் பெயரால். அப்பெயரின் வடிவமாகிய பியூரி, பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை ஓவியர் ஆண்ட இந்திய மஞ்சள் என்னும் வண்ணத்துக்கு வட இந்தியாவில் வழங்கியது. மாவிலை தின்ற பசுவின் நீரிலிருந்து அது செய்யப்பட்டதென முகர்ஜி என்பார் 1883இல் எழுதியுள்ளார். பழைய வண்ணம் மறைந்த பின் அதன் பெயர் காரீயப் பொடிமேல் ஏறிக்கொண்டது. வாங்கியவர்க்கு அது பழக்கமான வண்ணப் பெயரே. அதில் உலோகம் இருப்பதை அப்பெயர் அறிவிக்கவில்லை. ஆய்வு வெளியானபின் அந்நாட்டரசு நாளிதழ்களிலும் சந்தைகளிலும் எச்சரிக்கை செய்து, விற்றவர்க்குத் தண்டமும் விதித்தது. 2019இல் சந்தை மஞ்சளின் 47 விழுக்காட்டில் காணப்பட்ட காரீயம் 2021இல் எதிலும் காணப்படவில்லை. அவ்வெச்சரிக்கைகள் நஞ்சை மக்கள் தாம் வழங்கும் பெயராலேயே சுட்ட வேண்டியிருந்தது; ஈயக் குரோமேட்டு என்பது மெருகிடுவோர் கேட்டறியாத சொல்.